முத்திரை வைத்த தேக்சா

அத்தா இறந்த மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அம்மா என்னிடம் முழுசாகப் பேசிய முதல் பேச்சே தேக்சாவைப் பற்றித்தான்.

"நாப்பதாம் பாத்திஹாவுக்கு நம்ம தேக்சாவுலதான் ஆக்கணும் அப்பு. போயி வாங்கிட்டு வா."

பக்கத்து வீட்டுக்கு இரவல் போன பாத்திரம் மாதிரி சொன்னார். ஆனால் எங்கள் பிரியாணி தேக்சா அப்போது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பதிவறையில் இருந்தது. அதன் வயிற்றுக்குள் ஒரு கிராமத்தின் தலைவர் தேர்தல் ஓட்டுகள் இருந்தன. மூடிக்கு மேலே துணி கட்டி, சணல் சுற்றி, அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். வருஷக்கணக்காக அப்படித்தான் இருந்தது.

அது அங்கே போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தா பண்டாரி. திண்டுக்கல்லில் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அவர்தான் சமையல். நான் எட்டாவதோடு நின்று, லோடு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, அவருடைய பாத்திரங்களையும் விறகையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளாட்சித் தேர்தல் முடிந்து ஓட்டு எண்ணுகிற நாளில், எண்ணுகிறவர்களுக்குச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. பெரிய தேக்சாவில் பிரியாணி கொண்டுபோனோம். சாப்பிட்டு முடித்தார்கள். நான் தேக்சாவைக் கழுவி அலுவலக வராந்தாவில் கவிழ்த்து வைத்தேன்.

எண்ணி முடித்த நேரத்தில் மழை பிடித்தது. பதிவறைக் கூரை ஒழுகியது. ஓட்டுச்சீட்டுகளைப் போட்டுப் பூட்ட வைத்திருந்த தகரப் பெட்டிகளில் ஒன்றைத் தூக்கினார்கள். பெட்டி மேலே வந்தது, அடிப்பாகம் தரையிலேயே இருந்தது. துருப்பிடித்துக் கழன்றுவிட்டது. அந்தக் கிராமத்துச் சீட்டுக்கட்டுகள் மட்டும் பெட்டியில்லாமல் மேசைமேல் கிடந்தன. எழுத்தர் அங்கேயும் இங்கேயும் பார்த்தார். அவர் கண் வராந்தாவுக்கு வந்து நின்றது.

"பாய், இத ஒரு ரெண்டு நாளைக்குக் குடுங்களேன். தண்ணி எறங்காது, எலி கடிக்காது."

"சார், உள்ள நெய் வாசன இருக்குமே," என்றார் அத்தா.

"இருக்கட்டும் பாய். ஓட்டுக்கு என்ன மூக்கா இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கிராமத்துத் தேர்தலில் ஜெயித்தவர் அதிகமாகவும் தோற்றவர் கொஞ்சமாகவும் சிரித்தார். தோற்றவர் விரல்விட்டு எண்ணுகிற ஓட்டில் தோற்றிருந்தார். கட்டுகளை உள்ளே அடுக்கி, மூடி போட்டு, துணி கட்டி, அரக்கை உருக்கி ஊற்றினார்கள். இரண்டு பேரும் துணிமேல் ஒட்டின தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அத்தா பக்கத்தில் நின்று, மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். பிரியாணிக்குத் தம் போடும்போதும் அப்படித்தான் தட்டுவார்.

இரண்டு நாள் கழித்துப் போனோம். அதற்குள் தோற்றவர் மறுபடி எண்ணச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போய்விட்டார். கேஸ் என்று வந்துவிட்டால், கோர்ட் சொல்லாமல் முத்திரையை யாரும் உடைக்கக்கூடாதாம். அதன் பிறகு ஒவ்வொரு பெரிய கல்யாணத்துக்கு முன்னாலும் அத்தா ஒரு நடை போவார். ஜன்னல் கம்பி வழியாகப் பார்ப்பார். திரும்பி வந்து அம்மாவிடம் சொல்வார்.

"இன்னும் தம்முலதான் இருக்கு. இம்புட்டு நேரம் வச்சா கறி என்னத்துக்கு ஆகும்?"

அம்மாவும் சிரிப்பார். பாத்திரக் கடையில் பெயர் வெட்டும்போது எல்லாப் பண்டாரிகளும் தங்கள் பெயரை வெட்டுவார்கள். அத்தா அந்தத் தேக்சாவின் விளிம்பில் அம்மா பெயரை வெட்டியிருந்தார். கல்யாணமான புதிதில் செய்த வேலை. "ஊரு பூரா உன் பேர்ல சாப்பிடுது" என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். அதனால்தான் அம்மாவுக்கு வேறு தேக்சா வேண்டாம்.

அத்தா ஒரு காலையில் விறகை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. அதற்கு மேல் அதை எழுத எனக்கு வரவில்லை.

அம்மாவால் அலுவலகத்துக்கு வர முடியாது. அவர் இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தால் எங்களில் பெண்கள் நாலு மாசம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார்கள், அந்நிய ஆண்கள் கண்ணில் படமாட்டார்கள். அதனால் நான்தான் போனேன்.

பழைய எழுத்தர் மாறுதலாகிப் போயிருந்தார். இப்போது ஒரு மேடம் இருந்தார். நல்லவர்தான். உட்காரச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பி, நீங்க பாத்திரம்னு சொல்றீங்க. எங்க பட்டியல்ல அது ஆவணம்."

"ஆவணம் உள்ள இருக்குற சீட்டுதான மேடம்? வெளிய இருக்குறது தேக்சா."

"முத்திர வெளியதான வச்சிருக்கு? அப்ப வெளியயும் ஆவணந்தான்."

அவரே இரக்கப்பட்டு வழி சொன்னார். ஆவணங்களைப் பார்வையிட மனு கொடுக்கலாம். நகல் வேண்டுமென்றால் அதற்கும் மனு கொடுக்கலாம்.

"நகல்னா, இன்னொரு தேக்சா குடுப்பீங்களா?"

மேடம் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "முத்திர வச்சதுக்கு நகலும் கெடையாது" என்றார்.

"எங்க தேக்சாதான்னு நிரூபிச்சா?"

"எப்படி நிரூபிப்பீங்க?"

"விளிம்புல எங்கம்மா பேரு வெட்டியிருக்கு."

"எங்க, காட்டுங்க."

இரண்டு பேரும் பதிவறைக்குப் போனோம். விளிம்பு முழுக்கத் துணிக்கு அடியில் இருந்தது. துணியைத் தூக்க வேண்டுமென்றால் சணலை அவிழ்க்க வேண்டும். சணலை அவிழ்த்தால் அரக்கு உடையும். அரக்கை உடைக்கக் கோர்ட் உத்தரவு வேண்டும். அது எங்கள் தேக்சாதான் என்று நிரூபிக்காமல் கோர்ட் என் மனுவை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று மேடமே கேட்டார். அதோடு, கொடுத்தவர் இறந்துவிட்டதால் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வேறு வாங்க வேண்டுமாம். வீடு நிலத்துக்கு வாங்குவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். தேக்சாவுக்கு வாரிசு என்று கேட்டால் அந்த அதிகாரி என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று சொன்னேன். "கண்டிப்பா அனுப்புவாரு" என்றார் மேடம்.

திரும்பி வரும்போது அவர்தான் மெதுவாகச் சொன்னார். கோர்ட்டிலிருந்து ஆணை வந்திருக்கிறதாம். முத்திரை வைத்த ஆவணங்களை இன்ன தேதியில் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். "அன்னைக்கு ஜட்ஜ் ஐயா தொறக்கச் சொன்னாலும் சொல்லலாம். சொல்லிட்டா பாத்திரம் உங்களுக்குத்தான்."

அந்தத் தேதி நாற்பதுக்கு இரண்டு நாள் முந்தி வந்தது. அம்மா பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வரவழைத்தார். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார, அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"நாப்பதுன்னா நாப்பதுலேயேதான் வைக்கணுமா ஹஜ்ரத்?"

"முன்னப் பின்ன வைக்கலாம்மா. ஞாயித்துக்கெழம பாத்து வைக்கிறவுக இருக்காக, மண்டபம் பாத்து வைக்கிறவுக இருக்காக."

"நாங்க வாய்தா பாத்து வைக்கிறோம்."

ஹஜ்ரத்துக்கு வாய்தா என்றால் என்னவென்று தெரியும், தேக்சா தெரியாது. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வாய்தா அன்று காலையில் அம்மா திட்டமாக இருந்தார். அய்யலூர் சந்தையில் வாங்கிய ஆட்டை வெட்டியாகிவிட்டது. அந்தத் தேக்சாவின் அளவுக்கே தெருவில் அடுப்புக்கல் கூட்டச் சொன்னார். நான் கிளம்பும்போது சீரகச் சம்பாவை ஊறப் போட்டிருந்தார்.

"இப்பவேவா ஊறப் போட்ட?"

"கோர்ட்டு பத்தரைக்குன்னுதான சொன்ன? தேக்சா வந்ததும் ஏத்திறலாம்ல."

ஒன்றிய ஜீப்பில் தேக்சா நுழையவில்லை. கதவு சின்னது. மேடம் என்னைக் கூப்பிட்டார், அந்தத் தேக்சாவைக் கம்பு கோத்துத் தூக்கத் தெரிந்தவன் நான்தான். அங்கே ஜெயித்தவரும் தோற்றவரும் ஆளுக்கொரு பைக்கில் வந்து நின்றிருந்தார்கள்.

"என்ன மேடம் இது? அவுக தேக்சாவ அவுக வண்டியிலேயே ஏத்தி விடுறீக?" என்றார் தோற்றவர்.

"ஏண்ணே, கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள பிரியாணி ஆக்கிருவானோ?" என்றார் ஜெயித்தவர்.

கடைசியில் ஒரு போலீஸ்காரரை வண்டியின் பின்னால் ஏற்றினார்கள். அவர் தேக்சாவின் ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பைக்குகள் இரண்டும் வண்டிக்கு இரண்டு பக்கமும் வந்தன. பஸ் ஸ்டாண்டு பக்கம் நெரிசலில் நின்றபோது, பூக்கடையிலிருந்து ஒருவர் சத்தம் போட்டுக் கேட்டார்.

"எந்த மண்டபம் தம்பி?"

"கோர்ட்டு" என்றேன். அவர் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டார்.

கோர்ட்டில் எங்களை உள்ளே கூப்பிட வெகுநேரம் ஆனது. நானும் போலீஸ்காரரும் கம்பின் இரண்டு முனையைத் தோளில் வைத்து, தேக்சாவை ஊஞ்சல் மாதிரி ஆட்டிக்கொண்டு படியேறினோம். வக்கீல்கள் வழி விட்டார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன இது?"

"ஆவணம் ஐயா," என்றார் அரசு வக்கீல்.

"இதுவா?"

"இதுக்கு உள்ளே ஐயா."

நீதிபதி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். ஜெயித்தவரின் வக்கீல் இன்னொரு கோர்ட்டில் இருக்கிறார், அடுத்த வாய்தா வேண்டும் என்று ஒரு சின்ன வக்கீல் எழுந்து சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இன்றைக்குத் திறக்க மாட்டார்கள் என்று. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா, அரிசி ஊறிக்கிட்டு இருக்குங்கய்யா."

எல்லாரும் திரும்பினார்கள். "யார் இவர்?" என்றார் நீதிபதி.

"டிரைவர் ஐயா," என்றார் அரசு வக்கீல். மேடம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஆனால் நீதிபதி கோபப்படவில்லை. என்ன அரிசி என்று கேட்டார். நான் சொன்னேன். அத்தா இறந்ததையும், நாற்பதாம் பாத்திஹாவையும், அம்மா பெயர் துணிக்கு அடியில் இருப்பதையும் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். பிறகு, ஒரு தரப்பு வக்கீல் இல்லாமல் திறக்க முடியாது, சீட்டுகளை முறையான பெட்டிக்கு மாற்ற அலுவலகம் தனியாக மனு போடட்டும், எதிர்த்தரப்பு ஆட்சேபணை இருந்தால் அதையும் கேட்டுவிட்டுப் பார்க்கலாம் என்றார். தேக்சா திரும்பப் பதிவறைக்குப் போக வேண்டும். அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடத்துக்குக் கோர்ட்டில் இன்னும் வேலை இருந்தது. நேராக அலுவலகத்துக்குப் போகச் சொன்னார். எங்கள் வீடு போகிற வழியில் இருந்தது. நான் வண்டியைத் தெருவுக்குள் திருப்பினேன், பைக்குகள் இரண்டும் கூடவே திரும்பின. பின்னாலிருந்து போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏலே, எங்க போற?"

"அண்ணே, வீட்டுல ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திர்றேன். எல்லாரும் காத்துக் கெடக்காக."

காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. தெருவில் வதக்கி வைத்திருந்த கறி வாசனை அடித்தது. அவர் மறுபடி தட்டவில்லை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவிடம் சொன்னேன். அவர் அழவில்லை. "பள்ளிவாசல் தேக்சாவ எடுத்துட்டு வா. நீ ஆக்கு," என்றார். கொஞ்சம் கழித்து, "நம்மளது இங்கனயே நிக்கட்டும். ஓதி முடிச்சிட்டுப் போகட்டும்," என்றார்.

"அம்மா, இது கோர்ட்டுச் சொத்தும்மா," என்றார் போலீஸ்காரர் ஜன்னலைப் பார்க்காமல்.

"நீங்க பக்கத்துலேயே இருக்கீங்கள்ல தம்பி? அது எங்க போயிரும்?"

அவர் உட்கார்ந்தார். தேக்சா நிற்பதால் ஜெயித்தவரும் போகவில்லை. ஜெயித்தவர் போகாததால் தோற்றவரும் போகவில்லை. நான் அத்தாவுக்கு வெங்காயம் நறுக்கியிருக்கிறேன், விறகு தள்ளியிருக்கிறேன். கரண்டியை அவர் என் கையில் கொடுத்ததே இல்லை. அன்றைக்கு நானே ஆக்கினேன். அரிசியைக் கையில் அள்ளும்போதே விரலுக்குள் ஒடிந்தது. அத்தனை நேரம் ஊறியிருந்தது. இருந்தாலும் போட்டேன். வேறு அரிசி இல்லை.

தம் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அம்மா இன்னொன்று கேட்டார். ஒரு தடவை அதைத் தொட வேண்டுமாம்.

நான் வண்டியைப் பின்னால் எடுத்து, அதன் பின்பக்கம் எங்கள் வாசற்படியில் இடிக்கிற மாதிரி நிறுத்தினேன். அம்மா வீட்டுக்குள் நின்றே கையை நீட்டலாம். ஆனால் அந்நிய ஆண்கள் பார்க்கக்கூடாது. போலீஸ்காரரிடம் இறங்கித் திரும்பி நிற்கச் சொன்னேன்.

"தம்பி, இதுமேல இருந்து கண்ண எடுக்கக் கூடாதுன்னு எனக்கு ஆர்டரு."

"எங்கம்மா இத்தாவுல இருக்காகண்ணே."

அவர் யோசித்தார். "சரி, கண்ண மூடிக்கிறேன். ஆனா வளையத்த விட மாட்டேன்."

"அவரு கண்ண மூடினா நான் எத நம்புறது?" என்றார் தோற்றவர்.

"அப்ப நீங்களும் ஒரு வளையத்தப் புடிங்கண்ணே, மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கங்க."

"அவரு புடிச்சா நானும் புடிப்பேன்," என்றார் ஜெயித்தவர்.

தேக்சாவுக்கு இரண்டே வளையம். ஒரு வளையத்தைப் போலீஸ்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிடித்தார். இன்னொன்றை ஜெயித்தவரும் தோற்றவரும், தரையில் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றபடி, ஆளுக்கொரு கையைப் பின்னால் நீட்டிச் சேர்த்துப் பிடித்தார்கள். இரண்டு பேரும் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரில் ஜெயித்தவரின் பழைய தேர்தல் விளம்பரம் பாதி அழிந்து இருந்தது. தோற்றவர் அதையே பார்க்க வேண்டியதாகிவிட்டது.

அம்மா வாசலுக்குள்ளிருந்து, நெய் அளந்து கொடுத்த கையைத் துடைக்காமலே நீட்டினார். துணிமேல் தடவிக்கொண்டே போய், விளிம்பில் ஒரு இடத்தில் கையை நிறுத்தினார். அவருக்குப் பார்க்காமலே தெரிந்தது. அங்கே உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார். பிறகு அத்தா தட்டுகிற மாதிரி ஓரத்தில் தட்டினார். வெறும் தேக்சா என்றால் கணீரென்று கேட்கும். இது பொத்தென்று கேட்டது. அம்மா கையை எடுக்கவில்லை.

"முடிஞ்சுச்சாம்மா?" என்றார் போலீஸ்காரர், கண்ணைத் திறக்காமல்.

"செத்த நேரம் தம்பி," என்றார் அம்மா.

யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஹஜ்ரத் வந்தார். சாப்பாட்டை முன்னால் வைத்து ஓதுவதற்கு முன், வண்டியைக் காட்டிக் கேட்டார். "அதுல என்ன இருக்கு?"

"ஓட்டு ஹஜ்ரத்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். இதற்கு ஏதாவது தடை இருக்கிறதா என்று யோசித்திருப்பார் போல. பிறகு ஓத ஆரம்பித்துவிட்டார்.

எங்களில் நாலு பேர் ஒரு தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். வண்டி தெரிகிற இடம் தெருவில் போட்டிருந்த பந்தலில் ஒன்றுதான் இருந்தது. அதனால் ஜெயித்தவர், தோற்றவர், போலீஸ்காரர், நான் என்று நாலு பேரும் ஒரே தாம்பாளத்தில் உட்கார்ந்தோம். அவர்கள் மூன்று பேரும் தேக்சாவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். சோறு களி மாதிரி ஆகியிருந்தது. கரண்டியில் எடுத்தால் கரண்டியின் வடிவத்தில் வந்தது. துக்கவீடு என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார்கள். ஜெயித்தவர் சொன்னதால் தோற்றவர் இரண்டு தடவை சொன்னார்.

போலீஸ்காரர்தான் நாலு வாய் சாப்பிட்டபின் என்னைப் பார்த்தார். "கறி நல்லா வெந்திருக்கு தம்பி. சோறு கொழஞ்சு போச்சு. அரிசிய ரொம்ப ஊற விட்டுட்ட."

அத்தா இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். கரண்டியை வீசியும் இருப்பார். நான் எழுந்து வண்டிக்கு முன்பக்கம் போய் நின்று அழுதேன். அவர் இறந்ததிலிருந்து எனக்கு அழுகை வந்ததே அப்போதுதான். திரும்பி வந்தபோது போலீஸ்காரர் பயந்துபோயிருந்தார். "தப்பா சொல்லிட்டனா தம்பி?" என்றார். இல்லண்ணே என்று சொல்லி அவருக்கு இன்னும் இரண்டு துண்டு கறி வைத்தேன்.

சாயங்காலம் தேக்சாவைப் பதிவறையில் இறக்கினோம். மேடம் முத்திரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அரக்கு அப்படியே இருந்தது. துணியில் ஒரு இடத்தில் மட்டும் நெய்க்கறை, ஐந்து விரலும் தெளிவாக.

"இது என்ன?"

ஜெயித்தவர் கூரையைப் பார்த்தார். தோற்றவர்தான், "வழியில பட்டிருக்கும் மேடம். எனக்கு ஆட்சேபண இல்ல," என்றார். ஜெயித்தவரும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போய் நான் பார்த்தது அது ஒன்றுதான். மேடம் குறிப்பில் எழுதினார்: முத்திரை சேதமில்லை, துணியில் கைத்தடம் ஒன்று. இரண்டு பேரும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

கதவைப் பூட்டும்போது மேடம் மூக்கை உறிஞ்சினார். "நெய் வாசன வருதே தம்பி."

"அது மொதல்லேருந்தே இருக்கு மேடம்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கைத்தடத்தைப் பற்றிச் சொன்னேன். எழுதினார்களா, என்ன எழுதினார்கள் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு அடுத்த வாய்தா எப்போது என்றார். தேதி இன்னும் தெரியாது, எப்படியும் பல மாசம் தள்ளித்தான் போடுவார்கள் என்றேன். அம்மா மிச்சமிருந்த குழைந்த சோற்றை எனக்கும் அவருக்குமாகப் பிரித்து வைத்தார்.

"அப்ப வருசப் பாத்திஹாவுக்குக் கெடைக்கும்," என்றார். "இந்தத் தடவ, தொறந்துட்டாகன்னு நீ போன்ல சொல்லு. அதுக்கப்பறம் அரிசிய ஊறப் போடுறேன்."